18446744073709551615: ஓர் எண்ணிடம் ஏமாறும் வழிகள்

சென்ற கோடை விடுமுறையில் அண்ணன் மகள் ஒரு துண்டுத் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். அதில் இருபது இலக்கங்கள்: 18446744073709551615. சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஓர் அரிசி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால் அறுபத்து நான்கு கட்டங்களுக்கும் சேர்த்து வரும் மொத்தம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய கதையிலிருந்து எழுதி எடுத்திருந்தாள்.

"சித்தப்பா, இது பகா எண்ணா?"

நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அவளே பதிலையும் சொல்லிவிட்டாள். "கடைசியில் 5 இருக்கிறதே, எப்படி பகா எண்ணாக இருக்கும்?" சரியான பதில். ஆனால் அதற்குப் பிறகு அன்று மாலை முழுவதும் நாங்கள் இருவரும் இந்த எண்ணிடம் அடுத்தடுத்து ஏமாந்தோம். அவள் ஒன்பதாம் வகுப்பு. நான் இருபது ஆண்டுகளாகக் கணினியோடு பிழைப்பவன். தவறுகளில் பெரும்பங்கு என்னுடையது.

ஒன்று கூடினால் என்ன, குறைந்தால் என்ன

இந்தக் கதை சுற்றிவரும் இடங்களில் மூன்று வெவ்வேறு எண்கள் விடையாகத் தரப்படுவதைப் பார்க்கலாம். ஒன்று 9223372036854775808. இது கடைசிக் கட்டத்தில் மட்டும் இருக்கும் அரிசி, மொத்தம் அல்ல. முதல் கட்டத்தில் இருப்பது 2⁰, அதாவது 1. ஆகவே அறுபத்து நான்காவது கட்டத்தில் இருப்பது 2⁶³. கட்ட எண்ணையே அடுக்காக எடுத்துக்கொள்பவர்கள் இங்கே ஒரு படி தவறிவிடுகிறார்கள். இன்னொன்று 18446744073709551616, அதாவது 2⁶⁴. இது மொத்தத்தைவிட ஒன்று அதிகம். 1 + 2 + 4 என்பது 7. அடுத்து வர வேண்டிய 8-ஐவிட ஒன்று குறைவு. அதே கணக்குத்தான் அறுபத்து நான்கு கட்டத்துக்கும். மொத்தம் 2⁶⁴ − 1. மூன்றாவதாகத் தரப்படும் அந்த எண்தான் தாளில் இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அல்பிரூனி என்ற அறிஞர் இதைக் கடைசி இலக்கம் வரை சரியாகக் கணக்கிட்டு எழுதி வைத்திருக்கிறார். கால்குலேட்டர் வைத்திருக்கும் நாம்தான் தடுமாறுகிறோம்.

"இவ்வளவு பெரிய எண்ணில் ஒன்று கூடினால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். அரிசி அளப்பவருக்கு ஒன்றும் இல்லை. எண்ணின் பண்பைப் பார்ப்பவருக்கு அந்த ஒன்றுதான் எல்லாம். 616-இல் முடியும் எண்ணை உடைத்தால் 2 என்ற ஒரே பகா எண்தான் அறுபத்து நான்கு முறை வரும். 615-இல் முடிவதை உடைத்தால் ஏழு வெவ்வேறு பகா எண்கள், ஏழும் ஒற்றைப்படை. அந்தப் பக்கம் 617-இல் முடிவதை எடுத்தால் 274177, 67280421310721 என்று இரண்டே இரண்டு. அது அச்சில் வெளிவர 1880 வரை, பிரான்சின் லாந்த்ரி என்பவர் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள்தான். ஆனால் கொள்வினை கொடுப்பினை எதுவும் கிடையாது: அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இருக்கவே முடியாது.

எத்தனை இலக்கங்கள் என்பதிலும் ஒரு சறுக்கல் உண்டு. மடக்கை தெரிந்தவர்கள் 64-ஐ 0.30103-ஆல் பெருக்கி 19.266 என்று கண்டு, "பத்தொன்பது இலக்கம்" என்று சொல்லிவிடுவார்கள். தசமப் புள்ளிக்கு முன்னால் உள்ளதோடு ஒன்றைக் கூட்ட வேண்டும், இருபது. 100-இன் மடக்கை 2, இலக்கங்கள் மூன்று என்பதை நினைத்துக்கொண்டால் போதும். மடக்கையே தெரியாதவர்கள் 2¹⁰ என்பது ஏறக்குறைய ஆயிரம் என்று வைத்து, ஆயிரத்தை ஆறு முறை பெருக்கி, மீதியுள்ள 16-ஐ முன்னால் போட்டு, 16-க்குப் பின் பதினெட்டு பூஜ்ஜியம் என்பார்கள். ஒவ்வொரு முறையும் விட்ட 24 சேர்ந்து சேர்ந்து கடைசியில் 13 சதவீதம் குறைந்துவிடுகிறது. இலக்கங்களின் எண்ணிக்கை சரியாக வந்துவிடும். முதல் இரண்டு இலக்கங்கள் சரியாக வரா.

கோடி கோடியும் பழைய டிரில்லியனும்

இந்த எண்ணை நம் வழக்கப்படி காற்புள்ளி இட்டால் 1,84,46,74,40,73,70,95,51,615. வாயால் சொல்வதென்றால் ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்துச் சொச்சம் கோடி கோடி. "கோடி" ஒரு முறையா இரு முறையா என்பதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். ஒரு கோடி விட்டுப்போனால் எண் கோடி மடங்கு சுருங்கிவிடும். படிப்பவர் காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். நமக்குக் கோடானுகோடி என்றால் கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது அல்லவா, அதன் விளைவு இது. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் மில்லியன், பில்லியன் என்றே எழுதுவதால் அங்கே வேறு விதமாகத் தடுக்குகிறது: மில்லியன் என்பது பத்து லட்சம், பில்லியன் நூறு கோடி, டிரில்லியன் ஒரு லட்சம் கோடி.

இதில் ஒளிந்திருக்கும் பொறி ஒன்று. பழைய பிரிட்டிஷ் நூல்களில் இதே எண் "18 டிரில்லியன்" என்று இருக்கும். அது பிழையல்ல. அக்கால பிரிட்டிஷ் வழக்கில் டிரில்லியன் என்றால் 1-க்குப் பின் 18 பூஜ்ஜியம். இன்றைய வழக்கில் 12 பூஜ்ஜியம்தான். அதை அப்படியே எடுத்து, இன்றைய கணக்கில் "18 லட்சம் கோடி" என்று தமிழில் எழுதிவிட்டால் பத்து லட்சம் மடங்கு பிழை. 18 லட்சம் கோடி என்பது பட்ஜெட் செய்திகளில் அடிபடும் அளவு. சதுரங்கப் பலகைக்கு அது நாற்பத்து நான்காவது கட்டத்தோடு தீர்ந்துவிடும்.

எக்செல் விழுங்கிய ஐந்து இலக்கங்கள்

என் முதல் தவறு இங்கே. அவள் கையால் வகுக்க ஆரம்பித்தபோது, "இதற்கு ஏன் இவ்வளவு கஷ்டம்?" என்று எக்செலைத் திறந்து எண்ணைத் தட்டினேன். கட்டத்தில் 1.84467 என்று ஏதோ சுருக்கமாகத் தெரிந்தது. வடிவத்தை மாற்றி முழு எண்ணாகக் காட்டச் சொன்னேன். காட்டியது: 18446744073709500000.

கடைசி ஐந்து இலக்கங்களான 51615 இருந்த இடத்தில் ஐந்து பூஜ்ஜியங்கள். எக்செல் ஓர் எண்ணில் முதல் பதினைந்து இலக்கங்களைத்தான் மதிக்கும். மற்றவற்றைச் சத்தமில்லாமல் துடைத்துவிடும். பதினாறு இலக்க வங்கி அட்டை எண்ணை அதில் தட்டியவர்கள் கடைசி இலக்கம் பூஜ்ஜியமாகிப்போன அதிசயத்தைக் கண்டிருப்பார்கள். எண்ணைத் தட்டுவதற்கு முன்னால் அந்தக் கட்டத்தை உரை என்று மாற்றி வைத்தால் இலக்கங்கள் பிழைக்கும். ஆனால் கணக்குப் போட முடியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கெட்டுப்போன அந்த எண்ணும் முதல் இரண்டு சோதனைகளில் தேறிவிடுகிறது. இலக்கங்களைக் கூட்டினால் 69, 3-ஆல் வகுபடும். பூஜ்ஜியத்தில் முடிகிறது, 5-ஆல் வகுபடும். அசல் எண்ணும் 3-ஆல், 5-ஆல் வகுபடும். எனவே "சரியாகத்தானே இருக்கிறது" என்று மனம் நம்பிவிடும். துடைக்கப்பட்ட 51615 தற்செயலாக 3-க்கும் 5-க்கும் மடங்காக அமைந்துவிட்டதுதான் காரணம். 17-ஆல் வகுத்துப் பார்த்தால் வேஷம் கலைகிறது: அசல் வகுபடும், எக்செல் எண் வகுபடாது. 17 வரும்வரை நான் அந்தப் பொய் எண்ணைத்தான் கட்டிக்கொண்டு அழுதேன்.

ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழிகளில் பிழை இன்னும் நாசூக்கானது. அங்கே சாதாரண எண்ணுக்கு 53 பிட் துல்லியம்தான். 9007199254740992 வரை எல்லா முழு எண்களுக்கும் இடம் உண்டு. அதற்கு மேல் இடைவெளி விழத் தொடங்கும். நம் எண் இருக்கும் உயரத்தில் இடைவெளி 2048. 18446744073709549568 என்ற எண்ணுக்கு இடம் இருக்கிறது. அடுத்த இடம் 18446744073709551616. நடுவில் இருப்பவர்கள் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார வேண்டியதுதான். நம் எண் 616-க்குப் போய்விடுகிறது. போன மாத்திரத்தில் அது இரட்டைப்படை; 3-ஆலும் வகுபடாது, 5-ஆலும் வகுபடாது. ஒரே ஒரு எண் நகர்ந்ததில் எல்லாப் பண்பும் போயிற்று.

பைத்தான் எவ்வளவு பெரிய முழு எண்ணையும் அப்படியே வைத்துக்கொள்ளும். அங்கேயும் ஒரு கண் வேண்டும். ஒற்றைச் சாய்கோட்டால் 3-ஆல் வகுத்தால் விடை தசம எண்ணாக மாறி, 6.148914691236517-உம் பத்தின் அடுக்கு 18-உமாக வரும். வால் இலக்கங்கள் போய்விடும். இரட்டைச் சாய்கோடு இட்டால்தான் 6148914691236517205 என்ற முழு விடை கிடைக்கும். வகுபடுமா என்று மட்டும் தெரிய வேண்டுமானால் வகுக்கவே வேண்டாம், மீதியைக் கேட்டால் போதும்.

பார்க்காமல் வகுப்பது

எல்லாத் தவறுகளிலும் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். பெரிய எண்ணைக் கண்டதும் 3, 5, 7, 11, 13 என்று வரிசையாக வகுக்கத் தொடங்குவது. அந்த இருபது இலக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் பார்ப்பதில்லை.

வகுபடும் விதிகளைப் பயன்படுத்துவதிலேயே சில அவசரங்கள் உண்டு. நம் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 87. 3-ஆல் வகுபடும், ஆனால் 9-ஆல் வகுபடாது. 3 வந்தால் 9-உம் வரும் என்று பழக்கதோஷத்தில் எழுதிவிடக் கூடாது. 7-க்கு இருபது இலக்கத்தையும் இழுத்துப் போட்டு வகுக்கத் தேவையில்லை. 2-இன் அடுக்குகளை 7-ஆல் வகுத்தால் மீதி 1, 2, 4, மறுபடி 1, 2, 4 என்று மூன்றுக்கு ஒரு முறை சுற்றும். 64-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 1. எனவே 2⁶⁴ விடும் மீதி 2. ஒன்றைக் கழித்தால் 1. வகுபடாது, கணக்கு முடிந்தது. இதே முறையில் 11 விடும் மீதி 4, 13 விடும் மீதி 2.

சரி, ஒவ்வொன்றாக வகுத்தே தீருவேன் என்றால் எவ்வளவு நேரம் ஆகும்? இந்த எண்ணின் வர்க்க மூலம் ஏறக்குறைய 429 கோடி. நொடிக்கு ஒரு வகுத்தல் என்றால் 136 ஆண்டு.

ஒன்பதாம் வகுப்புப் பாடத்திலேயே சாவி இருக்கிறது. ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து 1-ஐக் கழித்தால், அந்த எண்ணைவிட ஒன்று குறைந்ததும் ஒன்று கூடியதும் பெருக்கிய விடை கிடைக்கும். 10 × 10 − 1 = 99 = 9 × 11. நம் எண்ணும் அந்த ஜாடைதான்: 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம். ஆகவே 2⁶⁴ − 1 = (2³² − 1) × (2³² + 1). இடப்பக்கத்தில் இருக்கும் 2³² − 1-ஐயும் அதே போல உடைக்கலாம். அதில் வரும் 2¹⁶ − 1-ஐயும். அண்ணன் மகள் இதைக் கண்டுகொண்டதும் பென்சில் நிற்கவில்லை. வெங்காயம் உரிப்பதுபோல் உரித்துக்கொண்டே போய்க் கடைசியில் எழுதியது:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

ஒரு வகுத்தல்கூட இல்லை. இருபது இலக்கம் ஆறு துண்டுகளாக மேசைமேல் கிடந்தது. "எல்லாமே பகா எண்தானே சித்தப்பா?" என்றாள். முதல் ஐந்தும் பகா எண்கள் என்பது எனக்குத் தெரியும். ஆறாவதும் அப்படித்தான் இருக்கும் என்று தலையாட்டிவிட்டேன். இது எனது இரண்டாவது பெரிய தவறு. ஆனால் இதில் எனக்குத் துணைக்கு நிற்பவர் சாதாரண ஆள் இல்லை.

பெர்மாவும் சறுக்கிய இடம்

பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித மேதை பெர்மா இதே வரிசையைப் பார்த்தார்: 3, 5, 17, 257, 65537. ஒவ்வொன்றும் 2-இன் ஓர் அடுக்கோடு 1-ஐக் கூட்டியது. அந்த அடுக்குகளும் 1, 2, 4, 8, 16 என்று இரட்டிக்கின்றன. ஐந்தும் பகா எண்கள். அடுத்து வருவனவும் பகா எண்களாகத்தான் இருக்கும் என்று நம்பி, கடிதங்களில் எழுதினார். 1732-இல் ஆய்லர் ஆறாவதை உடைத்துக் காட்டினார்: 4294967297 = 641 × 6700417.

ஆய்லர் 3-இலிருந்து தொடங்கி 641 வரை எல்லாப் பகா எண்களையும் வகுத்துப் பார்த்தார் என்று நினைத்துவிடக் கூடாது. இந்த எண்ணுக்குப் பகாக் காரணி ஒன்று இருந்தால் அது 64-இன் மடங்கைவிட ஒன்று கூடியதாகத்தான் இருக்க முடியும் என்று கண்டார். அப்படிப்பட்ட எண்கள் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் பகா எண்கள் ஐந்துதான்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலில் காரணி கையில். பின்னால் வந்த லூகாஸ் அதை 128-இன் மடங்கைவிட ஒன்று கூடியது என்று இன்னும் இறுக்கினார். அப்படியானால் 257, 641 என்று இரண்டே முயற்சி.

641 வகுபடும் என்பதை வகுக்காமலே பார்க்கலாம். அன்று மாலை நடந்ததில் எனக்குப் பிடித்தது இதுதான். 641 என்பது 5 × 128 + 1. அதே 641, 625 + 16-உம் கூட, அதாவது 5⁴ + 2⁴. முதலாவது சொல்வது: 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ என்பது −1-க்குச் சமம். அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1-க்குச் சமம். இரண்டாவது சொல்வது: 5⁴ என்பது −2⁴-க்குச் சமம். அதை இங்கே வைத்தால் −2³² என்பது 1-க்குச் சமம். அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடும். தாளில் நாலு வரி.

அடுத்து 6700417 பகா எண்தானா? இங்கே பலரும் செய்யும் பிழை, முதல் எண்ணின் வர்க்க மூலம் வரை, அந்த 429 கோடி வரை, தேடிக்கொண்டே போவது. காரணிகள் உதிர உதிர எல்லையும் சுருங்கும். 6700417-இன் வர்க்க மூலம் 2588-ஐ ஒட்டி. லூகாஸ் சொன்ன வடிவத்தில் அந்த எல்லைக்குள் உள்ள பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டும். வகுத்துப் பார்த்தோம். மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. ஒன்றும் வகுபடவில்லை, பகா எண்தான்.

"சோதனை செய்து பார்த்தால் தெரிந்திருக்குமே" என்று பெர்மாவைக் குறை சொல்வதிலும் ஒரு பிழை இருக்கிறது. பகா எண்ணா என்று சோதிக்க அவர் பெயரிலேயே ஒரு தேற்றம் உண்டு. எண் பகா எண்ணாக இருந்தால், 2-ஐ அந்த எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி அதே எண்ணால் வகுக்கும்போது மீதி 1 வரும். 4294967297-க்கு அதைச் செய்தால் மீதி 1-தான் வருகிறது! பகா எண்ணாக இல்லாமலே அது தேர்வில் தேறுகிறது. 2-க்குப் பதிலாக 3-ஐ வைத்துச் சோதித்தால் மாட்டிக்கொள்கிறது. ஒரே ஒரு அடியெண்ணை வைத்துச் சோதித்துவிட்டு "பகா எண்" என்று முத்திரை குத்தும் நிரல்களை இன்றும் பார்க்கிறேன். மீதி 1 இல்லையென்றால் நிச்சயமாகப் பகா எண் இல்லை. 1 என்றால், இருக்கலாம், அவ்வளவுதான்.

ஆக, முழு விடை: 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417.

மெர்சென் எண்களோடு இதைக் குழப்பிக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2-இன் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் பகா எண் கிடைக்கும் என்று அரைகுறையாகக் கேள்விப்பட்டு, "2⁶⁴ − 1 மெர்சென் பகா எண்" என்று எழுதிவிடுகிறார்கள். அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடை ஒருபோதும் பகா எண்ணாக இராது. அடுக்கு பகா எண்ணாக இருந்தாலும் உறுதியில்லை: 2¹¹ − 1 = 2047 = 23 × 89. பக்கத்தில் இருக்கும் 2⁶¹ − 1 பகா எண்தான். 2⁶⁷ − 1-ஐப் பகா எண் என்று மெர்செனே 1644-இல் பட்டியலிட்டார்; 1903-இல் கோல் அதை 193707721 × 761838257287 என்று உடைத்தார்.

ஏழு பகா எண்கள் கிடைத்த பிறகு

காரணிகள் மொத்தம் எத்தனை? ஏழு என்று எழுதுவது வழக்கமான தவறு. அவை பகாக் காரணிகள். ஒவ்வொரு பகா எண்ணையும் சேர்க்கலாம் அல்லது விடலாம் என்று ஏழு முறை இரண்டு வாய்ப்பு. 2⁷ = 128. இதில் 1-உம் எண்ணும் அடக்கம். எந்தப் பகா எண்ணும் இரண்டு முறை வராததால்தான் இந்தச் சுலபம்.

128 காரணிகள் இருப்பதால் அவற்றின் கூட்டுத்தொகை எண்ணையே மிஞ்சிவிடும் என்று நான் சொல்லிவைத்தேன். 12-க்கு அப்படித்தான்: 1 + 2 + 3 + 4 + 6 = 16. ஆனால் நம் எண்ணில், எண்ணைத் தவிர மற்ற 127 காரணிகளையும் கூட்டினாலும் எண்ணில் 70 சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். 2 என்ற காரணி இல்லாததன் விலை. எண்ணிக்கையைப் பார்த்து எடையைச் சொல்லக் கூடாது என்று அன்று கற்றேன்.

வடிவியலிலும் இந்த எண்ணுக்கு ஒரு முகம் உண்டு. பதினெட்டு வயது காஸ் 1796-இல், அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு 17 பக்க ஒழுங்கு பலகோணத்தை வரையலாம் என்று கண்டார். 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தையும் பெருக்கினால் வரும் 4294967295 பக்கப் பலகோணமும், கொள்கையளவில், அப்படி வரையக்கூடியது. அதே வேகத்தில் 2⁶⁴ − 1 பக்கமும் முடியும் என்று எழுதினால் தவறு. 641-உம் 6700417-உம் பெர்மா வரிசையில் இல்லாத வெளியாட்கள். அவர்கள் உள்ளே இருக்கும்வரை கவராயம் வேலை செய்யாது.

அரிசி, தட்டு, திரை

எண்ணை உலகத்துப் பொருளாக மாற்றும்போதுதான் மிக நம்பிக்கையான பிழைகள் பிறக்கின்றன. ஓர் அரிசி 0.025 கிராம் என்று வைத்துப் பெருக்கி, "46,116 கோடியே 86 லட்சத்து 1,842 டன்" என்று ஒருவர் எழுதியிருந்தால் அந்தக் கடைசி 1,842-ஐ ரசிக்கலாம், நம்பக் கூடாது. ஆயிரம் அரிசி 20 கிராமிலிருந்து 25 கிராம் வரை இருக்கும். 20 என்று எடுத்தால் விடை 37,000 கோடி டன் பக்கம் இறங்கிவிடுகிறது. எண் இருபது இலக்கத்துக்கும் துல்லியம். அரிசி இரண்டு இலக்கத்துக்குக்கூட இல்லை. பெருக்கலில் துல்லியம் குறைந்தவன் சொல்தான் நிற்கும். உலகம் இன்று ஓராண்டில் விளைவிக்கும் அரிசியைப்போல 700 முதல் 900 மடங்கு என்று சொல்லி நிறுத்திக்கொள்வது நேர்மை. கதையைப் பொறுத்தவரை, அம்பலப்புழையில் கண்ணன் அரசனோடு ஆடியதாகச் சொன்னாலும் சரி, அரபு நூல்களில் வரும் சிஸ்ஸா பரிசாகக் கேட்டதாகச் சொன்னாலும் சரி, அரிசிக்கணக்கு ஒன்றுதான்.

காசிக் கோயிலில் அறுபத்து நான்கு பொன் தட்டுகளை அர்ச்சகர்கள் ஒரு கம்பத்திலிருந்து இன்னொரு கம்பத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், முடித்ததும் உலகம் அழியும் என்ற கதையும் இதே எண்ணைச் சுமந்து வருகிறது. நம் புராணம் என்று பெருமையோடு அனுப்புகிறார்கள். அது 1883-இல் பிரான்சில் விற்பனைக்கு வந்த ஒரு விளையாட்டோடு ஒட்டிக்கொண்ட கதை. செய்தவர் மேலே 128-இன் மடங்கு சொன்ன அதே லூகாஸ். தட்டுகளை ஒவ்வொன்றாக, சிறியதன்மேல் பெரியது வராமல் மாற்ற 2⁶⁴ − 1 நகர்வுகள் வேண்டும் என்பது மட்டும் உண்மை. நொடிக்கு ஒன்று என்றால் சுமார் 58,450 கோடி ஆண்டுகள்.

தொழிலில் இருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கணினித் திரையில் "மீதமுள்ள கோப்புகள்: 18446744073709551615" என்று வந்தது. உடன் இருந்தவர் வட்டு நிறைந்துவிட்டது என்று பதறினார். நிறையவில்லை, நிரல் பூஜ்ஜியத்திலிருந்து ஒன்றைக் கழித்திருந்தது. குறைக்குறி இல்லாத 64 பிட் எண்ணில் −1-க்கு இடமில்லை, அறுபத்து நான்கு பிட்டும் 1 ஆகி, இருப்பதிலேயே பெரிய எண்ணாகக் காட்சி தரும். அதில் ஒன்றைக் கூட்டினால் மறுபடி பூஜ்ஜியம். இந்த எண்ணைத் திரையில் கண்டால் எங்கே ஒன்று அதிகமாகக் கழிக்கப்பட்டது என்று தேடத் தொடங்குவதே சரி.

இரவு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது அண்ணன் மகள் தாளைத் திருப்பிப் போட்டு எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு எண்ணான 18446744073709551617-ஐ அவளே பிடித்துக்கொண்டாள். அதற்கு 256-இன் மடங்கைவிட ஒன்று கூடியதாகத் தேட வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தேன். 257, 513, 769, 1025 என்று இறங்கிக்கொண்டே போனது பட்டியல். காரணி 1071-ஆவது வரியில் இருக்கிறது என்பதை நான் சொல்லவில்லை.